ஏத்தச் சொன்ன குரல்

புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் பெண்களுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். ஆகவே முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன். சண்முகசுந்தரம். போதாது என்றால் இன்னொரு தடவையும் சொல்கிறேன். சண்முகசுந்தரம். 'எங்க வீட்டுக்காரர்' என்ற குழைச்சல் எல்லாம் இனி என்னிடம் கிடையாது.

எண்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதம். நெய்வேலியில் எங்கள் பிளாக் மன்றத்தின் ஆண்டு விழா. சாயங்காலக் கச்சேரிக்கு மைக்கைச் சரிபார்க்க நான் மன்றத்து ஹாலுக்குள் நுழைந்தபோது உச்சி வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அரை இருட்டு. ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள், மைன்ஸ் தூசி வந்து நாற்காலியில் படியாமல் இருக்க. மேடைப் பலகையைக் கழுவிவிட்டிருந்தார்கள், இன்னும் காயவில்லை. ஈரப் பலகை வாடையும் பழைய திரைச்சீலை வாடையும் கலந்து அடித்தன. அந்த நேரத்தில் ஹாலில் ஆள் அரவமே இல்லை.

எங்கள் குழுவின் பெயர் 'இன்னிசைச் சுரங்கம்'. பெயரைக் கேட்டே தெரிந்திருக்கும், ஆண்கள் எல்லாரும் மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். தபேலாக்காரர் கன்வேயர் பெல்ட்டில், புல்லாங்குழல்காரர் பம்ப் ஹவுஸில், சண்முகசுந்தரம் எலக்ட்ரிக்கலில். ஆர்மோனியம் வாசிப்பதும் குழுவை நடத்துவதும் அவர்தான். நான் பாடகி.

மற்ற குழுக்களில் மைக் செட்காரர் எதைக் கொண்டுவந்து வைக்கிறாரோ அதன் முன்னால் நின்று பாடிவிட்டுப் போவார்கள். சண்முகசுந்தரம் அப்படி இல்லை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே மைக் செட் கொளஞ்சிநாதனைக் குவார்ட்டர்ஸுக்கு வரச்சொல்லி, எதிரே உட்காரவைத்து, கல்யாணச் சமையலுக்குப் பேசுகிற மாதிரிப் பேசுவார். பாடகிக்கு எந்த மைக், தபேலாவுக்கு மைக் எவ்வளவு தள்ளி, பாடுகிறவளுக்குத் தன் குரல் கேட்க மேடையில் ஒரு ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்து, ஆம்ப்ளிஃபையர் எந்த மூலையில், யார் காலிலும் தட்டாமல் ஒயர் எந்த வழியாக, எல்லாம் வேண்டும் அவருக்கு. பேசி முடித்துக் கடைசியில் ஒன்று சொல்வார். எர்த் கனெக்ஷனை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதில் கை வைக்காதே என்பார். நான் காபி டம்ளரை வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். என்ன பொறுப்பு, என்ன நுணுக்கம் என்று நெஞ்சு நிறைந்துபோகும். முட்டாள் சிறுக்கி.

அந்த வருஷம் கெடுபிடி இன்னும் கூடுதல். ரேடியோவிலிருந்து ஒருவர் வந்து கச்சேரியை டேப்பில் பிடித்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் குழுவுக்கு ரேடியோவில் இடம். கரண்டு செட்டில் 'ம்ம்ம்' என்று அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்குமே, அது டேப்பில் ஒரு துளி விழக் கூடாது என்று கொளஞ்சிநாதனை வறுத்தெடுத்துவிட்டார்.

எனக்கு முன்னால் அந்தக் குழுவில் பாடியவள் சந்திரா. எங்கள் அடுத்த குவார்ட்டர்ஸ். நர்சரி பள்ளியில் டீச்சர், கல்யாணம் ஆகாதவள். நெய்வேலிக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் ஒரு மனுஷரையும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த என்னை முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே விழாவில், இதே மேடையில், முதல் பாட்டின் தொடக்கத்திலேயே மைக்கைப் பிடித்தபடி விறைத்துப்போய்ச் சரிந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஷாக் அடித்திருக்குமோ என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். சண்முகசுந்தரம் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஒயராகப் பார்த்துவிட்டு வந்து, லைனில் ஒரு குற்றமும் இல்லை என்றார். எலக்ட்ரிக்கல்காரரே சொன்ன பிறகு அப்பீல் ஏது? பிறவியிலேயே இதயம் பலவீனம் என்று பேச்சு முடிந்தது.

அவள் அம்மாவுக்குத்தான் முடியவில்லை. கஸ்தூரியம்மாள் தென்காசிப் பக்கத்து மனுஷி. கச்சேரி வாரத்தில் சந்திராவுக்குக் காய்ச்சல். போகமாட்டேன் என்று படுத்திருந்தவளை எழுப்பி, தலைவாரி, போய்ப் பாடிவிட்டு வா, எல்லாம் சரியாகப் போகும் என்று அனுப்பியது அந்த அம்மாள்தான். காய்ச்சல் உடம்போடு அனுப்பி நானே கொன்றேன் என்று மூன்று வருஷமாக ஒரே பேச்சு. ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டில் பாட்டுச் சத்தமே கூடாது; ரேடியோவைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சண்முகசுந்தரம் சாயங்காலங்களில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இதயம் பலவீனமாக இருந்தது யாருக்கம்மா தெரியும் என்று ஆறுதல் சொல்வார். ரேஷன் வாங்கிக் கொடுப்பார். பெற்ற பிள்ளைகூட அப்படிப் பார்க்காது என்று பிளாக்கே சொல்லும். அந்த வருஷம் நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்த அம்மாளை விழாவுக்கு வரச் சம்மதிக்க வைத்திருந்தேன். அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிற அந்தப் பாவத்தை எப்படியாவது இறக்கிவைக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் ஆசை.

மேடை ஏறினேன், செருப்போடு.

மேடையில் செருப்புப் போட்டுப் பாடுகிற பாடகியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சந்திரா போன பிறகு என்னைப் பாட இழுத்துவந்த நாளிலிருந்து சண்முகசுந்தரம் பிடித்த பிடிவாதம் அது. வெறுங்காலோடு நின்றால் குளிர்ச்சி ஏறித் தொண்டை கட்டிக்கொள்ளுமாம். தடித்த ரப்பர் செருப்பாகப் பார்த்து அவரே வாங்கி வருவார். சரஸ்வதி இருக்கிற இடத்தில் செருப்பா என்று தபேலாக்காரர் முணுமுணுப்பார். பொண்டாட்டி கால் தரையில் படக் கூடாதாம் என்று புல்லாங்குழல்காரர் கிண்டலடிப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருக்கும், பொய் சொல்லமாட்டேன்.

பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையரோடு கொளஞ்சிநாதன் உட்கார்ந்திருந்தார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அந்த வட்டாரத்தில் காதுகுத்திலிருந்து கட்சிக் கூட்டம் வரை அவர் செட்தான். மைக் புதிதாக வாங்கியது, அன்றுதான் பெட்டியைப் பிரித்திருந்தார். நான் அதன் வலைமுகத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனேன்.

கிராம்பு வாசனை அடித்தது.

மைக்கோடு பழகியவர்களுக்குத் தெரியும், யார் அதிகம் பாடுகிறாரோ அவர் வாய் வாசனை அந்த வலையில் ஏறி நின்றுவிடும். சந்திரா பாடுவதற்கு முன்னால் ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். ஆனால் இந்த மைக்கில் இதுவரை ஒருவரும் பாடவில்லை. கடைக்காரன் எவனாவது ஊதிப் பார்த்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு பல்லவியின் முதல் வரியை மெல்லப் பாடினேன். குரல் பின்சுவர் வரை போய்ச் சேர்ந்தது. நிறுத்தினேன். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ராத்திரி படுத்தால் தூரத்தில் மைன்ஸ் பம்புகள் கேட்குமே அந்த மாதிரி.

அந்த இரைச்சலுக்குள் ஏதோ அசைந்தது.

"...த்து."

உடனே ஸ்பீக்கர்களில் சத்தம் கூடியது. இரைச்சல் இரண்டு மடங்காகி ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது. எதற்குக் கூட்டுகிறீர்கள் என்று நான் திரையைப் பார்த்துக் கேட்டேன்.

"நீதானம்மா ஏத்து ஏத்துன்னு சொல்லிகினே இருக்குற" என்றார் கொளஞ்சிநாதன் உள்ளேயிருந்து.

நான் சொல்லவில்லை.

"ஏ...த்து."

இந்தத் தடவை நன்றாகவே கேட்டது. பெண் குரல். அவசரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து வரவில்லை என்பதற்கு என் பல்லே சாட்சி.

கொளஞ்சிநாதன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். மூடியிருந்த என் வாயைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாட்டு ஆரம்பிக்கிற நேரத்தில் சந்திரா மைக்கை லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாளாம். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி ஏத்து, ஏத்து என்றாளாம். சத்தம் போதவில்லை போல என்று அவர் ஏற்றினார். பின்னணி வாசிப்பு முடிந்து பாடவேண்டிய இடம் வந்துவிட, அவள் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தாள். இரண்டு வரி முடிவதற்குள் விழுந்தாள்.

"சத்தத்தக் கூட்டுனதாலதான் அந்தப் பொண்ணுக்கு நெஞ்சு அடைச்சிடுச்சோன்னு நெனச்சிகினே கெடக்கறம்மா. வூட்ல கூடச் சொல்லல."

ஒரு சாவுக்கு இப்படி இரண்டு பேர் தலைமேல் பழியைப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார்கள், அங்கே ஓர் அம்மா, இங்கே இவர். அப்போது எனக்கு அவர்மேல் இரக்கம் மட்டும்தான் வந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து சண்முகசுந்தரம் வந்துசேர்ந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார், திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு என் தோளில் கைவைத்து, அவளுக்குப் பாட்டென்றால் உயிர், ஏற்றச் சொல்கிறாள், ஏற்றிவிட்டுப் போவோம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செத்தவள்மேல் எவ்வளவு பிரியம் இந்த மனுஷருக்கு என்று நினைத்தேன்.

கொளஞ்சிநாதனை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டு அவர் தனியாகத் திரைக்குப் பின்னால் போனார். ஏதோ ஸ்க்ரூவைத் திருகுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் பட்டென்று நின்றது.

அப்படி ஓர் அமைதியை அந்த ஹாலில் நான் கேட்டதில்லை. கூரைமேல் காக்காய் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முதலில் என் காலைப் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்து, இப்போது பாடிப் பார் என்றார்.

மைக்கைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

என் காலடியில் இருந்த மேடை ஸ்பீக்கரிலிருந்து, காதோடு காதாகச் சொல்கிற மாதிரி, குரல் வந்தது. இரைச்சல் இல்லாததால் ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக விழுந்தது.

"எர்த்து."

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

ஏத்து இல்லை. நடுவில் ஒரு 'ர்' இருந்தது. குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறவள் சந்திரா; எழுத்தை விழுங்கமாட்டாள். அவள் அப்பா இருந்தவரை சப் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். என் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால்கூட, "எர்த்து இருக்கா பாத்தியா விஜி?" என்று கேட்கிறவள். மைக்கைத் தொட்டதும் சுரீர் என்றிருக்கிறது. திரும்பிச் சொல்லியிருக்கிறாள். தபேலாச் சத்தத்திலும் கூட்டத்தின் விசிலிலும் அந்த 'ர்' மட்டும் கொளஞ்சிநாதன் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் திரைக்குப் பின்னால் போனேன். சண்முகசுந்தரம் முன்னால் நாற்காலி வரிசையைச் சரிசெய்யப் போய்விட்டார். ஆம்ப்ளிஃபையர் ஒயர் சுவரில் ஏறுகிற இடத்தில் பார்த்தேன். மூன்று கம்பிகளில் இரண்டுதான் பிளக்குக்குள் போயின. மூன்றாவது பச்சைக் கம்பி. அதை வெளியே இழுத்து, மடக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தது. அழகாகச் சுற்றியிருந்தது, கை தேர்ந்தவர் வேலை. மின்சாரம் வழிதவறி மைக்குக்கு வந்தால் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பி அது. அதைக் கழற்றிவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் நின்றுவிடும். மைக்கைப் பிடிக்கிறவளுக்குத்தான் கேட்பார் இல்லை.

டீக்குப் போன கொளஞ்சிநாதன் திரும்பி வந்தார். நான் கம்பியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தாம்மா. பாட்டுக்கு முன்னாடி இரைச்சலு பட்டுனு நின்னுச்சு. சாரு கைராசின்னு நெனச்சன்."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். தடித்த ரப்பர் செருப்பு.

சந்திரா அன்றைக்கு வெறுங்காலோடு நின்றவள். மேடை மேடையாக வாங்கிப்போட்ட செருப்பு. மைக்கைப் பிடித்தால் சில நாள் விரலில் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னபோது, உனக்கு நரம்புத் தளர்ச்சி என்று டானிக் வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு கச்சேரியிலும் கம்பியைக் கழற்றிவிட்டு, என் காலில் செருப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டது. இந்த இடத்தோடு 'அவர்' முடிந்தது. இனி அவன்.

திரைக்குப் பின்னால் அவனைக் கூப்பிட்டு, கம்பியைக் காட்டி, சந்திராவுக்கு ஷாக்தானே என்று கேட்டேன். இல்லை என்று சத்தியம் பண்ணுவான் என்று எதிர்பார்த்தேன். பண்ணியிருந்தால் நம்பியும் தொலைத்திருப்பேன். அவன் திரை இடுக்கில் வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

"சத்தமாப் பேசாத விஜி. அன்னைக்கு எனக்குத் தெரியாது. அந்த ஆம்ப்ளிஃபையர்ல லீக் இருக்கும்னு யாரு கண்டா? எல்லாரும் அவளைத் தூக்கிட்டு ஓடினப்ப கம்பியைத் திரும்ப மாட்டிட்டேன்."

"அப்புறம் மூணு வருஷமா? தெரிஞ்சப்புறமும் கழட்டினீங்களே?"

"உனக்கு ஒண்ணும் ஆகலையே. செருப்பு வாங்கிக் கொடுத்தேன்ல?"

செருப்பு வாங்கிக் கொடுத்தானாம். என் கழுத்தில் தாலியைக் கட்டியவன், என் உயிருக்கு விரல் தண்டி ரப்பர் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அதை அன்பு என்று நம்பி நான் பிளாக் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கொன்றவன் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல, நான் கூட நின்று 'ஆமாம்மா, இதயம்தான்' என்று ஒத்து ஊதியிருக்கிறேன். அப்போது வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

அவன் கையைக் கூப்பினான். இன்றைக்கு மட்டும் பாடிவிடு, டேப் நன்றாக வரட்டும், மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றான். விஷயம் வெளியே போனால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், ஜெயில்தான் என்றான். கடைசியாக, கஸ்தூரியம்மாளிடம் சொல்லிவிடாதே, அந்தம்மா தாங்காது என்றான். அதைக் கேட்டுத்தான் நான் முடிவுசெய்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் கைகால் கழுவப் போன நேரத்தில் கொளஞ்சிநாதனிடம் பச்சைக் கம்பியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். மாட்டினார். இரைச்சல் வந்தது. சண்முகசுந்தரம் வந்து மறுபடி கழற்றினான். கொளஞ்சிநாதனை ஹால் ஸ்பீக்கருக்குக் காவலாக முன்னால் அனுப்பிவிட்டு, ஆர்மோனியத்தைத் திரை ஓரம் இழுத்துப்போட்டுக்கொண்டு ஆம்ப்ளிஃபையருக்குக் கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் ஹால் நிரம்பிவிட்டது. ரேடியோக்காரர் டேப் மெஷினோடு ஓரத்தில் இருந்தார். முன்வரிசையில் கஸ்தூரியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, எந்நேரமும் எழுந்து போய்விடுகிறவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என் பெயரைச் சொன்னார்கள். கைதட்டினார்கள். நான் மைக் முன்னால் போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சந்திரா..."

அந்தப் பெயர் மட்டும் ஹால் முழுக்கக் கேட்டது. நெஞ்சு நின்று சாகவில்லை என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஸ்பீக்கர்கள் செத்துப்போயிருந்தன. திரும்பிப் பார்த்தேன். சண்முகசுந்தரம் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

கூட்டம் விசிலடித்தது. கரண்டு போயிற்றா என்று யாரோ கத்தினார்கள். தலைக்குமேல் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. நான் மேடையிலிருந்து இறங்கி, கஸ்தூரியம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். காய்ச்சல் இல்லை, இதயம் இல்லை, நீங்கள் இல்லை. ஒரு கம்பியைக் கழற்றியிருந்தார்கள், கழற்றியது அதோ அந்த ஆள் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதி பின்வரிசை வரை பரவியது.

கஸ்தூரியம்மாள் மெதுவாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் பிளக்கும் கையுமாக மேடை ஓரத்துக்கு வந்தான். விஜிக்குக் காலையிலிருந்து உடம்பு சரியில்லை, என்னென்னவோ உளறுகிறாள் என்றான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"நான் உங்ககிட்டப் பொய் சொல்லுவேனாம்மா?"

அந்த அம்மாள் என் கன்னத்தைத் தடவினார்.

"தம்பி பொய் சொல்லாதுட்டி. நான்தான் காய்ச்சலோட அனுப்புனேன். எனக்காக நீ ஒண்ணும் சொல்லாண்டாம்."

எனக்கு அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியும் தோற்றேன். ரேஷன் வாங்கிக் கொடுத்தவன் பேச்சு எடுபட்டது, என் பேச்சு எடுபடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தரை லேசாக அதிர்ந்தது.

'ம்ம்ம்' என்று இரைச்சல் ஆரம்பித்தது.

எல்லாரும் ஸ்பீக்கர்களைப் பார்த்தார்கள். கொளஞ்சிநாதன் பக்கத்தில் இருந்த பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். "பேட்டரிகூட இல்லியே" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சண்முகசுந்தரம் தன் கையிலிருந்த பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பித்தளைக் கால்கள் எல்லார் கண்ணிலும் பட்டன.

இரைச்சல் தேய்ந்தது.

"அம்மா."

முந்தானை கஸ்தூரியம்மாள் வாயிலிருந்து நழுவியது.

"காய்ச்சல் இல்லம்மா."

மேடையில் சண்முகசுந்தரம் மண்டியிட்டுச் சரிந்தான். தபேலாக்காரர் அவனைப் பிடிக்கப் போகவில்லை. கஸ்தூரியம்மாள் என் தோளை ஊன்றி எழுந்தார். மெல்ல நடந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போனார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி அதன்மேல் புறங்கையை வைத்தார். அடுப்படியில் நின்று மகளிடம் பேசுகிற குரலில், அவ்வளவு மெதுவாக, கேட்டார்.

"ஏட்டி, ரொம்ப வலிச்சுதா?"

பாடப்போகிறவள் இழுக்கிற மூச்சு ஒன்று முதலில் வந்தது.

"ஆமாம்மா" என்றாள் சந்திரா.